குடை நிழலுக்கு எத்தனை பேர்

நெடுங்கல் நாட்டு அரசவையில் அன்று இருந்தவர்கள் பதினேழு பேர். அரசர் கடம்பராயர் ஒருவர். அமைச்சர் பணிகொண்டார் ஒருவர். அரசரைப் புகழ்ந்து பாடும் தேன்மொழிப் புலவர் ஒருவர். விசிறி வீசுகிறவர்கள் எட்டுப் பேர். வெட்டிவேர்த் தட்டிகளுக்குத் தண்ணீர் தெளிக்கிறவர்கள் நான்கு பேர். சந்தனம் அரைக்கிறவர் ஒருவர். அரசரிடம் வேடிக்கையாகப் பேச உரிமை பெற்ற வேம்பையா ஒருவர். வெயிலைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை யாரும் உள்ளே விடவில்லை.

வெளியே அது இருபது நாளாகக் கொளுத்தியது. கிணறுகளில் வாளி தரை தட்டியது. காக்கைகள் பறக்காமல் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தன. சந்தையை விடியலிலேயே கூட்டி, பொழுது ஏறுமுன் கலைத்தார்கள். பாறைமேல் கோட்டைச் சுவர் கட்டுகிற இருநூற்றுப் பதினாறு பேருக்கு மட்டும் உச்சி வேளையிலும் வேலை.

அவர்களில் கல் சுமக்கும் காத்தாயி அவைக்கு வந்து கும்பிட்டாள்.

"சாமி, வெயில் தாங்கல. நேத்து மூணு பேர் சுருண்டு விழுந்துட்டாங்க. எங்க அண்ணன் சடையன் இன்னும் கண்ணைத் திறக்கல. உச்சிப் பொழுது சாயுற வரைக்கும் வேலையை நிறுத்தணும். இல்லாட்டி இன்னிக்கு யாரோ, நாளைக்கு யாரோ!"

அமைச்சர் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்ன பேச்சு இது! மகாராஜாவின் வெண்கொற்றக்குடை நிழலில் நாடே குளிர்ந்திருக்கிறது. வெயில் சுடுகிறது என்றால் குடைக்கு நிழல் இல்லை என்று பொருள். இது ராஜ நிந்தனை. நாடு கடத்தவேண்டிய குற்றம்!"

"ஆமாம், ஆமாம்! குடை நிழலில் எனக்கு நடுக்கமே எடுக்கிறது" என்றார் புலவர். எட்டு விசிறிகளில் இரண்டு அவர் பக்கம் இருந்தன.

புகழ்ச்சி என்றால் கடம்பராயருக்குப் பசி அடங்காது. அவர் காத்தாயியிடம் கேட்டார்: "நீயே சொல். என் குடைக்கு நிழல் உண்டா, இல்லையா?"

இல்லை என்றால் நாடு கடத்துவார்கள். உண்டு என்றால் வேலைக்கு விரட்டுவார்கள். வேம்பையா எழுந்தான்.

"மகாராஜா, குற்றம் இவர்களுடையதுதான். அவ்வளவு பெரிய நிழல் இருக்கும்போது, அதற்கு வெளியே போய் நின்று வேலை செய்கிறார்களே! எவ்வளவு திமிர்! தங்கள் குடை நிழலுக்கு வெளியே எவரும் ஒரு கல்லைக்கூடத் தூக்கக் கூடாது என்று உத்தரவு போடுங்கள்."

"அருமை!" என்றார் அமைச்சர். "அருமை!" என்றார் புலவர். அரசர் அப்போதே முத்திரை வைத்தார்.

மறுநாள் விடிந்தபோது சுவரடியில் ஓர் ஆள் இல்லை. படுத்திருந்த மூவர் போக, மீதி இருநூற்றுப் பதின்மூன்று பேரும் அரண்மனை வாசலில் குந்தியிருந்தார்கள்.

"வேலைக்குப் போகாமல் இங்கே என்ன?" என்று அரசர் கத்தினார்.

"குடை இங்கதானே இருக்கு சாமி?" என்றாள் காத்தாயி. "அது சுவத்துக்கு வந்தா நாங்களும் வாறோம்."

"குடையைக் கொடுத்தனுப்புங்கள்" என்றார் அரசர்.

வேம்பையா நாக்கைக் கடித்தான். "அரசர் இல்லாமல் கொற்றக்குடை வாசல் தாண்டலாமா? குலவழக்கம் என்ன ஆவது?"

வேறு வழியில்லை. அரசர் நகை பூட்டி முடிக்கப் பத்து நாழிகை ஆயிற்று. பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் உச்சியில் நின்றது. அரசர் முன்னால் வேறு யாரும் செருப்பு அணியக் கூடாது. அமைச்சரும் புலவரும் வெறுங்காலோடு பாறையில் ஏறினார்கள்.

குடை விரிந்தது. அதன் நிழல் ஒரு வண்டிச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக விழுந்தது. அரசர் நின்றார். குடை பிடிப்பவன் நின்றான். வேலையாட்கள் ஒன்பது பேர் நெருக்கியடித்து நுழைந்தார்கள். அந்த நெருக்கலில் அரசரின் முதுகு பாதி வெளியே வந்துவிட்டது. அமைச்சருக்கு இடமே இல்லை.

அவர் வலக்காலைத் தூக்கினார். இடக்காலைத் தூக்கினார். மறுபடி வலக்கால்.

"என்ன அமைச்சரே, சுடுகிறதா?" என்றான் வேம்பையா.

"சேச்சே! மகாராஜாவைக் கண்ட ஆனந்தத்தில் ஆடுகிறேன்."

புலவரும் ஆனந்தத்தில் ஆடிக்கொண்டிருந்தார். வேலையாட்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

அரசர் முதுகைத் தேய்த்துக்கொண்டு, "வேம்பையா, இவர்கள் எல்லோருக்கும் நிழல் தர என்ன வழி?" என்றார்.

"கணக்குப் போட்டுவிட்டேன் மகாராஜா. குடைக்கு ஒன்பது பேர். இருபத்து மூன்று குடை வைத்தால் ஆறு பேர் மிஞ்சுவார்கள். அதனால் இருபத்து நான்கு குடை. குடை செய்வது சுலபம். ஆனால் குடைக்கு ஒரு ராஜா வேண்டுமே! இன்னும் இருபத்து மூன்று ராஜாக்களை எங்கே தேடுவது?"

அரசருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அமைச்சரின் கால்களைப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"ஒரு ராஜாவே இந்த நாட்டுக்கு அதிகம்" என்றார். "எனக்குச் சுடுகிறது. நானே சொல்கிறேன். கோடை முடியும்வரை உச்சிப் பொழுது சாயாமல் யாரும் கல் தொட வேண்டாம். இப்போது, சுடுகிறது என்கிறவர்கள் எல்லோரும் அந்தப் புளியமரத்தடிக்கு வாருங்கள்."

"சுடுது சாமி!" என்று இருநூற்றுப் பதின்மூன்று பேரும் கத்தினார்கள். குடை பிடிப்பவனும் கத்தினான். தன் கழுத்து முத்துமாலையை அரசர் வேம்பையாவுக்குப் போட்டார். அவனும் "சுடுகிறது" என்று சொல்லிவிட்டுத்தான் நடந்தான். மரத்தடியில் சடையன் ஈரத்துணிக்கு அடியில் கண் விழித்துக் கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தான்.

வேம்பையா திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டான். "அமைச்சரே, புலவரே! ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்களேன்!"

அமைச்சர் பல்லைக் கடித்தார். "எங்களுக்குக் குளிர்கிறது."

"பாவம், குளிர்கிறதாம்" என்றார் அரசர். "அங்கேயே நின்று குளிர் காயட்டும்."

பாறைமேல் மீதி இரண்டு பேர்.