பூஜ்யம் வந்த கணக்கு

பேராசிரியர் தாணுமூர்த்தி பல்கலைக்கழகத்தில் அறிவியல் கணிப்பு நடத்துகிறார். கையால் போட்டுத் தீராத கணக்குகளைக் கணினியிடம் கொடுத்து விடை வாங்கும் பாடம் அது. அவர் நாகர்கோவில்காரர். எதிரில் ஒரே ஒரு மாணவி நின்றாலும் "மக்களே" என்றுதான் கூப்பிடுவார்.

மாதேஸ்வரி தருமபுரிப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்தவள். கணினிக்கு நிரல் எழுதுவது அவளுக்குப் புதிது. ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று ஆசை. இந்தப் பாடத்தில் தேறாமல் அதை நினைத்துப் பார்க்க முடியாது.

ஒரு நாள் ஒரு கணக்கு கொடுத்தார். ஒரு முனையில் சூடேற்றிய இரும்புக் கம்பி. எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்பதற்குச் சூத்திரம் உண்டு. நடுவில் ஓரிடத்தில் சூடு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகளை எடுத்து, அவற்றின் சூட்டு வித்தியாசத்தை இடைவெளியால் வகுத்தால் விடை வந்துவிடும்.

வகுப்பு முழுவதும் ஒரே விடை கொண்டுவந்தது. பதினாறு இலக்கம், ஒன்றுகூடப் பிசகவில்லை. எப்படிப் பிசகும்? சீனியர்கள் விட்டுப்போன நிரலைத்தான் எல்லோரும் வாங்கி ஓட்டியிருந்தார்கள்.

மாதேஸ்வரிக்கு சீனியர் யாரையும் தெரியாது. தானே எழுதினாள். இடைவெளி சிறுக்கச் சிறுக்க விடை திருந்தும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. கணினி ஏற்றுக்கொண்ட மட்டும் சிறிதாக்கினாள். பூஜ்யம் வந்தது.

கொதிக்கிற கம்பியில் சூடே குறையவில்லை என்று சொல்லிவிட்டுக் கணினி சாதுவாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பாடத்தை விட்டு விலக அன்றுதான் கடைசி நாள். நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"நான் விட்டுடறேன் சார்."

"எதுக்கு மக்களே?"

"எல்லாருக்கும் பதினாறு இலக்கம் வந்திருக்கு. எனக்கு பூஜ்யம்."

அவர் சமாதானம் சொல்லவில்லை. தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்து, ஓட்டிக் காட்டச் சொன்னார். பூஜ்யம் வந்தது. அவர் முகம் மலர்ந்ததைக் கேலி என்று எடுத்துக்கொண்டாள் அந்தப் பெண்.

"ஏன் பூஜ்யம்?"

தெரியாது என்றாள். இரண்டு புள்ளிகளின் சூட்டையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"இவ்ளோ கிட்ட வந்தா கம்ப்யூட்டரால ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க முடியல சார்."

"அப்ப எதுவரைக்கும் முடியும்?"

அவள் இடைவெளியைப் பெரிதாக வைத்து, படிப்படியாகச் சிறிதாக்கினாள். முதலில் விடையில் ஓர் இலக்கம் மட்டும் மாறாமல் நின்றது. பிறகு இரண்டு, மூன்று. எட்டுவரை நின்றது. இன்னும் சிறிதாக்கியதும் நின்றவையே ஆட ஆரம்பித்தன. ஒவ்வொன்றாகக் கெட்டு, கடைசியில் பழையபடி பூஜ்யம்.

மதியச் சாப்பாட்டை இருவரும் மறந்துபோனார்கள். நடுவில் யாரோ கதவைத் தட்ட, அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு அவள் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார் அந்த மனிதர். இப்படி ஓர் ஆசிரியர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

வகுப்பின் விடையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். முதல் எட்டு இலக்கம் அவள் கண்டவைதான். மீதி எட்டும் கணினி வாய்க்கு வந்தபடி சொன்னவை. அப்படியும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

"பாதிதான் தேறுது சார்."

"மத்தவங்களுக்கு?"

"அவங்களுக்கும் எட்டுதான். ஆனா எனக்கு மொதல்ல வந்தது பூஜ்யம். அது தப்புதானே?"

"தப்புதான்."

அவள் தலை குனிந்தாள். "அப்ப நான் இருக்கட்டுமா, போகட்டுமா சார்?"

"நாளைக்கு வகுப்பை நீ எடு மக்களே," என்றார். "முதல்ல அந்தப் பூஜ்யத்தைக் காட்டு."