கருமந்தி குத்திய இலை முத்திரை

ஓடைக்கரை அத்தி மரத்தடியில் சடையன் என்ற கருமந்தி பலகாரக் கடை வைத்திருந்தது. அதன் தேன் பிசைந்த இலுப்பைப்பூ உருண்டை என்றால் காடே நாக்கைச் சப்புக்கொட்டும்.

அந்தக் காட்டில் யானைத் தலைவியின் கண்டிப்பான உத்தரவு ஒன்று இருந்தது. எந்தப் பொட்டலத்திலும் முத்திரை இருந்தே ஆகவேண்டும். இலை முத்திரை என்றால் உறையையும் சேர்த்துத் தின்னலாம். கல் முத்திரை என்றால் உறையைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் அதைக் கழுவி மறுபடி பயன்படுத்த வேண்டும்.

சடையனோ படு சோம்பேறி. மந்தாரை இலை பறிக்க அதற்கு அலுப்பு. சாலையோரம் மனிதர்கள் வீசிய பச்சை பிளாஸ்டிக் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்ததும், அதிலேயே உருண்டைகளை மடித்தது.

"இதை எவன் கழுவுறது? பச்சையாத்தானே இருக்கு, இலைன்னே குத்திடுவோம்!"

சில நாளில் புள்ளிமான் வந்து முனகியது. "அண்ணே, வயிறு கல்லு மாதிரி இருக்கு!"

"பனிக்காலம் தங்கச்சி, அப்படித்தான் இருக்கும்!" என்றது சடையன், கொஞ்சமும் கூசாமல்.

ஒருநாள் கடையில் கூட்டம் நெரிந்தது. அப்போது சடையனின் மகள் பூவாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தது. கரடி வைத்தியர் ஓடிவந்தார்.

"என்ன தின்னே கண்ணு?"

"அப்பா கடை உருண்டை... உறையோட."

வைத்தியர் கடையிலிருந்த பொட்டலத்தின் முத்திரையைப் பார்த்தார். "இலைதானே! இந்தக் கஷாயத்தைக் குடிச்சா கரைஞ்சு இறங்கிடும்" என்று கிண்ணத்தைக் குட்டியின் வாயருகே கொண்டுபோனார்.

சடையன் கிண்ணத்தைப் பிடிக்கப் பாய்ந்து பாதியில் நின்றது. சொன்னால் கடை போச்சு. சொல்லாவிட்டால் பிள்ளை போச்சு!

"ஐயோ, குடுக்காதீங்க! அது கரையாது! அது இலையே இல்ல!"

கூட்டத்தில் நின்ற புள்ளிமான் தன் வயிற்றைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

வைத்தியர் கஷாயத்தைக் கீழே கொட்டினார். வாந்தியெடுக்க வைக்கும் பச்சிலைச் சாற்றைப் புகட்டினார். குட்டி ஓங்கரித்தது. பச்சைத் தாள் வெளியே வந்து விழுந்தது. அதன்மேல் இலை முத்திரை துளிகூட அழியாமல் இருந்தது!

பூவாளி மெல்லக் கண் திறந்தது. "நீ குத்தின முத்திரை இருந்துச்சேப்பா... நம்பித்தான் தின்னேன்."

சடையன் தலையில் அடித்துக்கொண்டு அழுதது. அதற்குள் பச்சிலைச் சாறு கேட்டு வைத்தியர் முன்னால் பாதிக் காடு வரிசையில் நின்றது.

பிறர்தானே ஏமாறப் போகிறார்கள் என்று பொய் முத்திரை குத்துகிறவன், அதைத் தன் பிள்ளையும் நம்பும் என்பதை மறந்துவிடுகிறான்.