மூன்று நல்ல பல்புகள்

குரு வயதில் மூத்தவராக இருக்க வேண்டும் என்று எங்காவது விதி இருக்கிறதா, தெரியவில்லை. இருந்தால், அதை எழுதியவர் மூத்தவராக இருந்திருப்பார்.

திண்டுக்கல் புறவழிச்சாலையில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் ரெஜினாவுக்கு வயது முப்பத்தொன்று. அவளுடைய சீடர் திருவேங்கடத்துக்கு ஐம்பத்தொன்பது. ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். பிளஸ் ஒன்னில் அவளை ஃபெயிலாக்கியவரும் அவரே. அதோடு அவள் படிப்பு நின்றது. அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

அன்று மலைச்சாமியின் பள்ளி வேன் வந்து நின்றது. வலது பிரேக் லைட் எரியவில்லை. மூன்று மணிக்கு வண்டியைக் காட்டி எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். தேறாவிட்டால், நாளை பள்ளி திறக்கும்போது வேன் ஓடாது.

"சார், இதை நீங்களே பாருங்க," என்றாள் ரெஜினா. வேலை பழக வந்த நான்கு மாதத்தில் அவர் தனியாகப் பார்க்கும் முதல் வண்டி.

ஒன்றரை மணிக்கு வியர்வையோடு வந்தார்.

"குருவே, பல்பு சரியில்லை."

"மாத்துங்க."

"மாத்தியாச்சு. புதுசு மூணு. மூணும் உதவாது. இந்தப் பெட்டியே அப்படித்தான் போல."

"அப்ப என் பொழப்பும் அவ்வளவுதானா சார்?" என்றான் மலைச்சாமி.

ரெஜினா குப்பை டப்பாவிலிருந்து மூன்றையும் பொறுக்கினாள். ஒரு பழைய பேட்டரியில் வயரைச் செருகி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். முதலாவது எரிந்தது. இரண்டாவது எரிந்தது. மூன்றாவதும்.

திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றுமில்லை.

"அப்ப கரண்ட் வரலை."

அவள் டெஸ்ட் லாம்பை நீட்டினாள். ஒரு முனையை வேன் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையைப் பின்விளக்குக்கு வரும் வயரில் வைத்தார். மலைச்சாமி பிரேக்கை மிதித்தான். டெஸ்ட் லாம்ப் எரிந்தது.

"வருது," என்றார், பிடித்து வைத்த திருடன் நிரபராதி என்று தெரிந்துவிட்ட குரலில்.

"பல்பு?"

"நல்ல பல்பு."

"வந்த கரண்ட் எங்க சார் போகணும்?"

திருவேங்கடம் முப்பத்திரண்டு வருடம், பேட்டரியில் புறப்பட்டுப் பேட்டரிக்கே திரும்பும் அந்தக் கோட்டைக் கரும்பலகையில் வரைந்தவர். பின்விளக்குக்கு அடியில் குனிந்தார்.

கரண்ட் திரும்பிப் போக வேண்டிய எர்த் வயரை வண்டியின் தகட்டோடு சேர்க்கும் திருகாணி துருவேறிக் கிடந்தது. கழற்றினார். உப்புத்தாளால் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார். மறுபடி முறுக்கினார். குப்பைக்குப் போய்வந்த பல்புகளில் ஒன்றையே மாட்டிவிட்டு, தாமே ஓட்டுநர் இருக்கையில் ஏறி மிதித்தார்.

"எரியுது," என்றான் பின்னால் நின்ற மலைச்சாமி. தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "இன்னொரு தடவை மிதிங்க சார். சும்மா பார்க்கத்தான்."

மிதித்தார். மணி இரண்டுகூட ஆகவில்லை.

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ரெஜினாவின் முகம் தெரிந்தது. நான்கு மாதத்தில் முதல்முறையாக அவர் குருவே என்று கூப்பிடவில்லை.

"ரெஜினா, அன்னைக்கு உன் பேப்பரை நான் சரியாத்தான் பார்த்தேனா?"

அவள் மீதி இரண்டு பல்புகளைத் துணியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்தாள்.

"நீங்க குப்பையில போட்ட மூணும் எரிஞ்சதைப் பார்த்தீங்கல்ல சார். பிரேக்கிலேர்ந்து காலை எடுத்துடாதீங்க, இடது பக்கத்தையும் பார்த்துடறேன்."