கடைசி ஆள் போகும்வரை

இருளப்பன் அதே கேள்வியை மூன்றாவது முறையாகக் கேட்டான்.

"அக்கா, நான் இதுலயே இருந்துடலாமா?"

முதல் முறை கேட்டபோது ஞானபுஷ்பம் அவனை டீ வாங்கிவரச் சொன்னாள். இரண்டாம் முறை காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இப்போது ஸ்டூல் மேல் ஏறி நின்று விளக்குக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தாள். பஞ்சு மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கி அது. வாடகைக்குப் பிடித்து நாடகம் போட்டுக்கொண்டிருந்தாள். மொத்தம் எட்டுப் பேர். அவள்தான் ஆசிரியை, அவள்தான் எலெக்ட்ரீஷியன்.

"எதுல?"

"நாடகத்துல."

"உனக்கு என்ன வேஷம்?"

"பிணம்."

"அதை ஒழுங்கா பண்ணு மொதல்ல. போன ஆட்டத்துல மூக்கைச் சுருக்கினே."

"ஈ உட்கார்ந்துச்சு அக்கா."

"பிணத்து மேல ஈ உட்காராம மயிலா உட்காரும்?"

அந்த நாடகத்தில் ஒரு தகப்பன் செத்துக் கிடக்கிறான். யார் கொள்ளி வைப்பது என்று மூன்று மகன்கள் வாசலில் அடித்துக்கொள்கிறார்கள். ஒன்றேகால் மணி நேரம். சேர்ந்து ஒரு வருஷம் ஆகாதவனுக்குப் பிண வேஷம்தான் என்பது குழுவின் வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் வரிசையாக நின்று கும்பிடுவார்கள். பிணம் எழுந்து கும்பிடாது. பார்க்க வந்தவர்களில் கடைசி ஆள் கதவைத் தாண்டும்வரை அப்படியே கிடக்க வேண்டும்.

இருளப்பன் பல்கலைக்கழகத்தில் கணிதம் முதுகலை படித்தான். ஒரே ஒரு தாள் பாக்கி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. அதே திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் குழுவின் வேன் பன்னிரண்டு ஊருக்குப் புறப்படுகிறது. இன்று ஞாயிறு.

"வேன்ல ஏறவா, பரீட்சைக்குப் போகவா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"என்னைக் கேட்டுக்கிட்டா இங்க வந்தே?"

"நல்ல நடிகனா வருவேனா? அதையாவது சொல்லுங்க."

"வரலைன்னா?"

"வரலைன்னா பரீட்சையை எதுக்கு விடணும்?"

ஞானபுஷ்பத்துக்குச் சுர்ரென்று ஏறியது. ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டாள்.

"தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குற மாதிரி வந்து நிக்கிறான் பாரு. அழுகலா இருந்தா மாத்திக் குடுக்க இது என்ன கடையா? போய்ப் படுடா. மணி மூணே முக்கால்."

போய்ப் படுத்தான்.

நான்கு மணி ஆட்டத்துக்குப் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். ஆறு பேர் பாதியில் எழுந்து போனார்கள். இருளப்பன் பாயில் கிடந்தான். தாடையைச் சுற்றித் துணிக்கட்டு. நெற்றியில் காசு. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிய துணி. ஈ வந்தது. மூக்கு சுருங்கவில்லை.

ஆட்டம் முடிந்து ஏழு பேரும் கும்பிட்டார்கள். கைதட்டல் கேட்டது, நின்றது. செருப்புச் சத்தம் கதவுப் பக்கம் போய் அடங்கியது.

ஒரே ஒரு ஆள் மட்டும் போகவில்லை.

கடைசி வரிசையிலிருந்து எழுந்து நேராகப் பாய்க்கு வந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மார்க்கெட்டில் வாழைத்தார் தரகு பார்க்கும் சுடலைமுத்து. இருளப்பனின் அப்பா. வேன் விஷயத்தை ஹாஸ்டல் அறைத்தோழன் போன் போட்டுச் சொல்லியிருந்தான்.

"எந்திரிடா."

பிணம் அசையவில்லை.

மூத்த மகனாக நடித்த செபஸ்தியான் ஓடி வந்தான். "ஐயா, நீங்க வெளியே போனாத்தான் அவன் எந்திரிப்பான். எங்க குழு வழக்கம்."

"அவன் எந்திரிச்சாத்தான் நான் போவேன். இது எங்க வீட்டு வழக்கம்."

செபஸ்தியான் ஞானபுஷ்பத்தைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

சுடலைமுத்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நாள் முழுக்கப் பேரம் பேசியே மூன்று பிள்ளைகளை வளர்த்த மனுஷன். நிதானமாகத்தான் ஆரம்பித்தார்.

"ஹால் டிக்கெட்டை ரூம்ல போட்டுட்டு வந்திருக்கே. எடுத்துட்டு வந்திருக்கேன். நாளைக்குப் போட்டுட்டுப் போகப் புதுச் சட்டையும் இருக்கு. வா, போவோம்."

பிணம் கிடந்தது.

"சரி, வீட்டுக்கு வர வேணாம். பரீட்சையை மட்டும் எழுதிடு. அப்புறம் எந்த ஊர்ல வேணும்னாலும் போய் இப்படிக் கிட. ஏன்னு கேக்க மாட்டேன்."

நெற்றிக் காசு நழுவவில்லை.

"பரீட்சையும் போகட்டும்டா. எந்திரிச்சு உட்காரு. ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. யாரும் நாற்காலியை மடக்கவில்லை.

"பேச வேணாம். கண்ணை மட்டும் தொற."

மார்க்கெட்டில் யாரும் அவர் இவ்வளவு இறங்கிப் பார்த்ததில்லை.

"விரலை அசை. ஒரே ஒரு விரல். உங்கம்மா கேப்பாள்ல, பையனைப் பார்த்தியான்னு. நான் என்னத்தைச் சொல்ல? பிணமாக் கிடந்தான்னு சொல்லவா?"

இருளப்பனின் காதோரம் ஒரு சொட்டு வியர்வை இறங்கியது. அவ்வளவுதான்.

சுடலைமுத்து கால்மாட்டுக்கு நகர்ந்தார். கட்டைவிரல் கட்டைத் தொட்டார். அவிழ்க்கப்போன கை அவிழ்க்காமல் திரும்பியது. பையிலிருந்து புதுச் சட்டையை எடுத்து உதறினார். இழவு வீட்டில் கோடித்துணி போடுகிறவர் மாதிரி மகனின் மார்பில் விரித்துப் போட்டார். எழுந்தார். ஹால் டிக்கெட் இருந்த பை பாயோரத்திலேயே கிடந்தது.

கதவைத் தாண்டும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இருளப்பன் எழுந்து உட்கார்ந்து தாடைக்கட்டைப் பிய்த்து எறிந்தான்.

"எந்திரின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

ஞானபுஷ்பம் ஒயரைக் கீழே வைத்தாள்.

"கல்லு மாதிரி நின்னீங்களே. நீங்கல்லாம் மனுஷிதானா?"

"இல்லைன்னுதான் எங்க வீட்லயும் சொன்னாங்க."

அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதான். யாரும் பக்கத்தில் போகவில்லை. மற்றவர்கள் நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினார்கள். அழுகை ஓய்ந்ததும் தலையைத் தூக்கினான்.

"பிணமாவது ஒழுங்கா கிடந்தேனா?"

"வேர்த்துச்சு."

அவன் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டான். பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தான். அதைக் கிழிக்கவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை. கையில் பிடித்தபடியே கேட்டான்.

"இப்பவாவது சொல்லுங்க அக்கா. நாளைக்கு நான் வேனுக்கு வரவா, பரீட்சைக்குப் போகவா?"

ஞானபுஷ்பம் திறந்துகிடந்த கதவைப் பார்த்தாள்.

"என்னை ஏன்டா கேக்குற? உங்கப்பா கேட்டார். நீதான் பதில் சொல்லி அனுப்பிட்டியே."