போர்வையில் ஏறிய வாடை

கும்பகோணத்தில் ஏகாம்பரத்தின் மூக்கை நம்பி நாற்பது வருஷம் ஒரு அத்தர் கடை நடந்தது. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு துளி நீட்டினால் போதும். எந்த ஊர்ப் பூ, எந்த மாதத்தில் பறித்தது என்று சொல்லிவிடுவார். மனைவி காலமான பிறகு கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, அறுபத்து மூன்றாவது வயதில் காவிரிக்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்தின் குரு வடிவம்மைக்கு வயது முப்பத்தெட்டு. "என் மக வயசுதான் தாயே உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் ஏகாம்பரம் அவர் காலில் விழுந்தார். அம்மை சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டார்.

வந்தாரே தவிர, சம்மணம் போட முழங்கால் விடவில்லை. பாட்டு மனதில் நிற்கவில்லை. தோட்ட வேலைக்கு முதுகு வளையவில்லை. கடைசியில், குருவின் வெள்ளைப் போர்வையைத் துவைத்து மடித்து வைக்கும் வேலை கிடைத்தது. அதையும் விட்டால் அந்த மடத்தில் தனக்கு இடமில்லை என்று அவருக்குத் தெரியும். போர்வையைப் பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் போர்வைதான் ஒரு மாசி மாதம் நாற ஆரம்பித்தது.

என்ன வாடை என்று அவருக்குப் பிடிபடவில்லை. நாற்பது வருஷமாக நல்லதை மட்டுமே முகர்ந்த மூக்கு, பாவம், திணறியது. உவர்மண்ணில் ஊறவைத்தார். எலுமிச்சம்பழம் பிழிந்தார். வடித்த கஞ்சியில் அலசி, உச்சி வெயிலில் காயப்போட்டார். வெட்டிவேர் வைத்து மடித்தார். சாயந்திரம் போர்வை பச்சைக் குழந்தை மாதிரி மணக்கும். மறுநாள் காலைப் பூஜைக்கு அம்மை அதைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தால், முன்வரிசையில் ஒவ்வொரு முகமாகக் கோணும். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக அது அவரை அலைக்கழித்தது.

ஏகாம்பரம் தொழில் தெரிந்தவர். நூலுக்குள் ஒளிந்திருக்கும் வாடை உடம்புச் சூட்டில் மேலே எழும்பும் என்பது அவருக்கு அத்துப்படி. அப்படியானால் இன்னும் ஆழமாகத் துவைக்க வேண்டும். துவைத்தார். கை தோல் உரிந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல், கடையிலிருந்து முதல் தர ஜவ்வாது வரவழைத்துப் போர்வை முழுக்கத் தடவினார். மறுநாள் காலை இரண்டும் சேர்ந்துகொண்டன. தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். அம்மை மட்டும் ஒரு தும்மல்கூட இல்லாமல் பாட்டை முடித்தார்.

மடத்தின் காரியஸ்தர் தாண்டவராயன் அன்றைக்கே வந்துவிட்டார்.

"நாலு நாள்ல குருபூஜை. ஊர் உலகமெல்லாம் வரும். அதுக்குள்ள வாடை போகலைன்னா துணி வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீங்களும் ஊருக்குக் கிளம்பலாம்."

ஏகாம்பரம் நேராகக் குருவிடம் போய் நின்றார்.

"தாயே, நான் தோத்துட்டேன். இந்த வாடை எதுல போகும்?"

"துவைச்சா போகலையா?"

"போகுது. விடிஞ்சா திரும்பி வந்துடுது."

"நாளைக்குச் சங்கு ஊதறதுக்கு முன்னால வாங்க ஐயா. ஒரு இடத்துக்குப் போகணும்."

சங்கு ஊதும்வரை தூங்கியே பழகியவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக அதற்கு முன் எழுந்தார். அம்மை ஒரு தூக்குவாளியில் வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரோடு முன்னால் நடந்தார். ஊரைத் தாண்டி, பாழடைந்த செங்கல் சூளை. அதன் கொட்டகையில் ஒரு கிழவர் படுத்திருந்தார். ஒரு கால் முழுக்கப் புண்.

"வாடை தாங்காம பிள்ளைங்க இங்க கொண்டுவந்து விட்டுட்டாங்க" என்றார் அம்மை.

கிழவர் தலையைத் தூக்கினார். "என்னடி, ஆடி அசைஞ்சு வர்றே? வலி உனக்கா எனக்கா?"

"யாரைப் பார்த்து..." என்று ஏகாம்பரம் பாய்ந்தார். அம்மை கையைக் காட்டி அடக்கினார்.

"நேத்து என்னத்தையோ பூசிக்கிட்டு வந்தியே, அந்தக் கண்றாவி இனிமே வேணாம். தலைவலியில உசிரு போயிடுச்சு" என்றார் கிழவர்.

முதல் தர ஜவ்வாது! ஏகாம்பரத்தை அதுவரை யாரும் அப்படி மூக்கறுத்ததில்லை.

அம்மை தரையில் உட்கார்ந்தார். கிழவரின் காலை எடுத்து, தான் போர்த்தியிருந்த போர்வை மேலேயே மடியில் வைத்துக்கொண்டு, பழைய கட்டை அவிழ்த்தார். ஒரு மாதமாக ஏகாம்பரத்தை ஆட்டிவைத்த வாடை மொத்தமும் அங்கே இருந்தது. அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்.

அம்மையின் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "ராத்திரி கஞ்சி குடிச்சீங்களா? உப்பு போதுமா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே புண்ணைக் கழுவினார். வழிந்ததைப் போர்வை நுனியால் ஒற்றி எடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த ஏகாம்பரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. வயசு பார்க்காமல் இந்தப் பெண்ணின் காலில் விழுந்தது தன் ஆயுளிலேயே செய்த நல்ல காரியம் என்று நினைத்தார்.

"தாயே, ஒரு மாசமா துவைச்சேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நேத்துதானே ஐயா கேட்டீங்க. இந்தக் குதிகாலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. கட்டுப் போடணும்."

பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஏகாம்பரம் மூக்கிலிருந்து துண்டை எடுத்தார்.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாள் தூக்குவாளியை அவரே எடுத்துக்கொண்டார். கிழவர் அவரையும் வாய்க்கு வந்தபடி திட்டினார்.

குருபூஜை அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. அம்மை வந்து உட்கார்ந்தார். ஏகாம்பரம் பின்னால் வந்து தூணோரம் நின்றார். தாண்டவராயன் அம்மைக்கு மாலை எடுத்துக்கொண்டு வந்தவர், பாதி வழியில் நின்று மூக்கை உறிஞ்சினார். போர்வைப் பக்கம் ஒரு தரம், தூண் பக்கம் ஒரு தரம்.

"சரியாப் போச்சு. இப்ப துவைக்கிறவர் மேலயும் அடிக்குது" என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். "தாயே, சொன்ன நாள் முடிஞ்சிடுச்சு. நாளையிலிருந்து உங்க போர்வையைத் துவைக்க வேற ஆள் போட்டுடறேன்."

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். ஊருக்குப் போகும் வண்டி எத்தனை மணிக்கு என்றுகூட மனம் யோசித்துவிட்டது.

வடிவம்மை மாலையை வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"வேற ஆளே போடுங்க. ஐயாவுக்கு இனிமே துணி துவைக்க நேரம் ஏது? புண்ணு ஆற இன்னும் பத்து நாளாகும்."