படலைக் கட்டிவிட்டுப் போன ஓநாய்

முன்னொரு காலத்துல, மழை எட்டிக்கூடப் பார்க்காத ஒரு கரட்டோரத்துல, சிட்டம்மான்னு ஆடு மேய்க்கிறவ ஒருத்தி இருந்தா. ஒரு இடத்துல உக்கார மாட்டா. சோறு தின்னாக்கூட நின்னுக்கிட்டேதான் தின்பா.

அந்தக் கரட்டுப் பாறைக்கு அடியில ஒரு ஓநாய் வளை தோண்டி நாலு குட்டி போட்டிருந்துச்சு. ஓநாய் குட்டி போட்டா அது வளர்ற வரைக்கும் அந்தச் சரிவுல ஆடு மேய்க்கக்கூடாது, வேற பக்கம் ஓட்டிட்டுப் போகணும். அது அங்க ஆட்டுக்காரங்க வழக்கம். ஓநாய் ஒண்ணும் சாமி இல்ல. போன வருசம் சிட்டம்மாவோட நொண்டிக்குட்டியைத் தூக்கிட்டுப் போச்சு, அவளும் மூணு நாள் திட்டித் தீர்த்தா. ஆனா அந்தச் சீமையில இருந்த ஓநாயையெல்லாம் அடிச்சே தீர்த்துட்டாங்க. மிஞ்சினது இந்த ஒரு குடும்பம்தான். இதுவும் போச்சுன்னா, அவ்வளவுதான்.

அப்போ ராஜாவோட ஆட்டுப்பட்டியில ஒரு குட்டி காணாமப் போச்சு. "ஓநாய், மகாராஜா"ன்னான் காவல்காரன் முடுக்கன். மறுநாள் இன்னொண்ணு போச்சு. "ஓநாய், மகாராஜா." மூணாம் நாள் இன்னொண்ணு. "அதே ஓநாய்தான், மகாராஜா."

ராஜா அவசரக்காரர். "இன்னைக்கு உச்சி வெயிலுக்குள்ள வளை வாயில வைக்கோலை அடைச்சுத் தீ வைங்கடா!"ன்னுட்டார்.

"முடுக்கண்ணே, உன் வீட்டு வைக்கோல்போர் கூரை உசரம் நிக்குதே, அதுல எடுக்கவா?"ன்னு ஊர்க்காரங்க கேட்டாங்க.

"அதுல எவனும் கை வைக்கக்கூடாது! அது என் மாட்டுக்கு!"

அவன்கிட்ட மாடே கிடையாது. ஏன் ஒருத்தரும் அதைக் கேக்கலைங்கிறீங்களா? அவன் கையில வேல் இருந்துச்சு, அதான்.

சேதி கேட்டதும் சிட்டம்மா ராஜாவோட பட்டிக்கு ஓடினா, சுத்திப் பார்த்தா, அங்கிருந்து அரண்மனைக்கு ஓடினா. மூச்சு வாங்க, ராஜா சபையிலயே முடுக்கனைப் பிடிச்சுக்கிட்டா.

"ஏய்யா, பட்டியில ஒரு சொட்டு ரத்தம் இல்லையே?"

"ஓநாய் நக்கிட்டுப் போயிருக்கும்."

"நாய் ஏன்யா குரைக்கல?"

"பயந்து ஊமையாயிடுச்சு."

"சரி, காலையில பட்டி வாசல் படல் எப்படி இருந்துச்சு?"

முடுக்கன் நெஞ்சை நிமித்தினான். "எங்கிட்டயா கேக்குற? மூணு முடிச்சோட கெட்டியா இருந்துச்சு! இருபது வருசத்துல என் பட்டிப் படல் ஒரு நாள் திறந்து கிடந்ததில்ல!"

"அப்போ ஓநாய் முடிச்சை அவுத்து, குட்டியைத் தூக்கி, திரும்ப மூணு முடிச்சு போட்டுட்டுப் போயிருக்கு. பொறுப்பான ஓநாய்தான்."

சபையே சிரிச்சுது. ராஜா சிரிக்கல. "வேலியைத் தாண்டியிருக்கும். குட்டிங்க எங்கன்னு காட்டு, நம்புறேன். இல்லைன்னா தீதான்."

வெயில் ஏறிக்கிட்டே இருந்துச்சு. வைக்கோல் கட்டைத் தலையில வச்சுக்கிட்டு நாலு பேரு கரட்டுல ஏறுறதும் தெரிஞ்சுது.

சிட்டம்மா திரும்பவும் பட்டிக்கு ஓடினா, ராஜாவும் முடுக்கனும் ஊரும் பின்னாலயே வந்தாங்க. உள்ள மூணு தாயாடு மட்டும் தீனி தின்னாம கத்திக்கிட்டே நின்னுச்சு. குட்டி குடிக்காம மடி கல்லு மாதிரி கட்டிப் போயிருந்துச்சு. அவ படலை அவுத்து அந்த மூணை மட்டும் வெளிய விட்டா.

மூணும் முதல்ல கரட்டுப் பக்கம் திரும்புச்சு. "பாத்தீங்களா, வளைக்குத்தான் போகுது!"ன்னு முடுக்கன் குதிச்சான். 

காத்து மாறுச்சு. மூணும் சட்டுனு நின்னு, காதைத் தூக்கி, தெருவுக்குள்ள பாய்ஞ்சுது. பின்னால சிட்டம்மா, அவளுக்குப் பின்னால ராஜா, அவருக்குப் பின்னால ஊரே. ஓடிப்போய் முடுக்கன் வீட்டு வைக்கோல்போர் முன்னால நின்னு, மூணும் சேர்ந்து "ம்மே!"ன்னுச்சு.

போருக்குள்ள இருந்து "ம்மே"ன்னு பதில் வந்துச்சு!

பிரிச்சாங்க. உள்ள குடைஞ்சு பொந்து மாதிரி பண்ணியிருந்தான். மூணு குட்டியும் வாடிப்போய்க் கிடந்துச்சு.

சிட்டம்மா அதைப் பார்க்க நிக்கல. கரட்டுக்கு ஓடினா. பந்தம் வைக்கோலைத் தொடப் போற நேரம், "நிறுத்துங்கடா!"ன்னு கத்திக்கிட்டே போய் வைக்கோலைக் காலால எத்தித் தள்ளினா. வளைக்குள்ள எட்டு கண்ணு மினுமினுன்னுச்சு. மேல பாறையில தாய் ஓநாய் நின்னு பார்த்துச்சு. நன்றியெல்லாம் சொல்லல. அது ஓநாய், எதுக்குச் சொல்லணும்?

ராஜாவுக்கு வெக்கமாப் போச்சு. "முடுக்கா, கையில இருக்குற வேலைக் கீழ வை. இனிமே நீ கரட்டுக்கு எதிர்ல வெயில்ல உக்காரு. தினம் காலையில அந்த நாலு குட்டியையும் எண்ணிட்டு வந்து எங்கிட்ட சொல்லு. ஒண்ணு குறைஞ்சாலும் உன்னைத்தான் கேப்பேன். அதுங்க குட்டி போட்டா அதையும் எண்ணு."

அன்னைக்கிலிருந்து அவன் எண்ணிக்கிட்டே இருக்கான். கரட்டுல ஊளை கேட்டா முடுக்கன் முழிச்சிருக்கான்னு அர்த்தம். கேக்கலைன்னா, படுத்துக் கிடக்காம யாராவது எழுந்து போய் என்னன்னு பாருங்க. எவனோ செஞ்ச தப்பு திரும்பவும் ஓநாய் தலையில விழுந்திருக்கும்.

கதையும் தீர்ந்துச்சு, ஆடும் அடைஞ்சுச்சு. படலைக் கட்டுங்க.