கட்டுச்சோறு கொண்டுவந்த விதைகள்

‘விதைக்கு விருந்து…’ என்று பெரியப்பா ஒரு சொலவடை சொல்வார். வைக்கணுமா, வைக்கக் கூடாதா என்பது சிங்கராயருக்கு மறந்துபோயிற்று. இருபது வருஷம் தோஹாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர், வை என்றுதான் இருக்கும் என்று தீர்மானித்து, மாமியார் வீட்டு முள்ளுக்கத்தரி விதைகள் எட்டை வெறும் மண்புழு உரத்தில் ஊன்றினார். எட்டும் அழுகின. அந்த வீட்டுத் தோட்டம் இப்போது இல்லை. மிச்சம் இருப்பவை நாலே விதை.

அன்று காலை மொட்டைமாடியில் புதுக் கலவை தயாரானது. செங்கல் போல இறுகிக் கிடந்த தென்னை நார்த்தூள் தண்ணீரைக் கண்டதும் உப்பி, தொட்டி விளிம்புக்கு மேல் எட்டிப் பார்த்து, இனி இது தன் ராஜ்ஜியம் என்றது. உப்பு போக மூன்று தரம் அலசிப் பிழிந்தபோது, மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை தலைமுழுக்கு கிடையாது என்று இளித்தது. மணல், தான் இல்லாவிட்டால் எல்லாரும் சேறுதான் என்று கரகரத்தது.

உரம் மட்டும் சிரிக்கவில்லை. “தொட்டி முழுக்க நான்தான் இருக்கணும். பச்சைப் பிள்ளைக்குச் சோறு போடாம வெறும் சக்கையையும் மணலையுமா கொடுப்பீங்க?”

நியாயமாகத்தான் பட்டது. சிங்கராயர் ஒரு கூடை நிறைய உரத்தைத் தூக்கினார்.

மனைவி அமலி படியேறி வந்தாள். மகன் மதுரையில் சைக்கிள் கடை திறந்து பத்து நாள் ஆகவில்லை. அங்கே போய் ஒரு மாசம் உட்கார இவர் பெட்டி கட்டி வைத்திருந்தார். நாளைக்குப் பஸ். அந்தப் பெட்டியில் இருந்த ஸ்பேனர்களைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“அவன் கடையில இல்லாத ஸ்பேனரா? பஞ்சரையும் நீங்களே ஒட்டிட்டா, அவன் என்னத்தைப் பண்ணுவான்?”

பதில் சொல்ல வாயெடுத்தவரைச் சட்டைப்பையில் ஏதோ கிச்சுக்கிச்சு மூட்டியது. நாலு விதைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

“ஐயா, முதல் பத்து நாளைக்கு நாங்க கட்டுச்சோறு கொண்டுதான் வந்திருக்கோம். கால் நீட்ட இடமும் கொஞ்சம் ஈரமும் போதும். எங்க அண்ணன்மார் எட்டுப் பேரும் விருந்துல மூச்சுமுட்டித்தான் போனாங்க.”

உரத்தின் குரல் இறங்கிவிட்டது. “அப்போ நான் எதுக்கு?”

“நாலு இலை விடட்டும். நாங்களே கூப்பிடுவோம். அன்னிக்குக் கொஞ்சமாப் பரிமாறினா விடமாட்டோம்.”

நார்த்தூள் சிரித்த சிரிப்பில் தொட்டியே குலுங்கியது. “தொட்டியை ஏன் ஆட்டுறீங்க?” என்றாள் அமலி.

சிங்கராயர் கூடையைக் கீழே வைத்தார். ஒரே ஒரு கைப்பிடி உரத்தைக் கலந்து, விதைகளை ஊன்றி, விரலால் தண்ணீர் தெளித்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு கீழே போய், மதுரை டிக்கெட்டை ரத்து செய்தார்.